ஜுராசிக் பாறைகளும் அம்மோனைட் கடிகாரமும்

ஜுராசிக் என்றதும் எல்லோருக்கும் ஸ்பீல்பெர்க் படமும் டைனோசரும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஜுராசிக் காலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நடுவில் எத்தனை பிரிவு என்றெல்லாம் முடிவு செய்ததில் டைனோசருக்குப் பெரிய பங்கு கிடையாது. அந்த வேலையைச் செய்தது நத்தை மாதிரி சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த ஒரு கடல் ஜந்து. பெயர் அம்மோனைட். கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றுக்குத் தூரத்துச் சொந்தம். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை ஒழித்த அதே பேரழிவில் இதன் வம்சமும் போய்விட்டது.

அம்மோனைட்டைப் பார்த்ததே இல்லை என்பவர்கள் பாட்டி வீட்டுப் பூஜை அறையில் ஒருமுறை தேடிப் பார்க்கலாம். நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமக் கல்லுக்குள் சக்கரம் மாதிரி ஒரு சுருள் தெரியுமே, அது அம்மோனைட்தான். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலின் அடிச் சேற்றில் புதைந்தவை, இன்று மலை உச்சிகளிலிருந்து அரித்து வரப்பட்டு ஆற்றில் உருள்கின்றன. நம் ஊரில் அது விஷ்ணுவின் சக்கரம். இங்கிலாந்தின் விட்பி ஊரில் அதுவே பாம்பு. செயிண்ட் ஹில்டா என்ற துறவி அங்கிருந்த பாம்புகளையெல்லாம் கல்லாக்கிவிட்டார் என்று கதை. பாம்புக்குத் தலை இல்லையே என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, வியாபாரிகள் உளியால் ஒரு தலையையும் செதுக்கி விற்றார்கள். எகிப்தியர்களின் அம்மோன் கடவுளுக்கு ஆட்டுக்கடாக் கொம்பு உண்டு. அந்தக் கொம்பு மாதிரி இருப்பதால் வந்த பெயர்தான் அம்மோனைட்.

இப்படிக் கடவுளாகவும் பாம்பாகவும் கொம்பாகவும் இருந்த ஒரு கல் எப்படிக் கடிகாரமாக மாறியது என்பது சுமார் 200 வருஷக் கதை. அந்தக் கடிகாரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அது மணி சொல்லாது. எது முன்னால், எது பின்னால் என்பதை மட்டும்தான் சொல்லும்.

முதலில் வில்லியம் ஸ்மித். 1769ல் பிறந்தவர், கொல்லர் மகன், பெரிய படிப்பு கிடையாது. தொழில் நிலம் அளப்பது. 1790களில் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் நிலக்கரி கொண்டுபோக ஒரு கால்வாய் வெட்டினார்கள். அதில் சர்வேயராக வேலை பார்த்தார். பாத் நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் இரண்டு சுண்ணாம்புக்கல் அடுக்குகள் உண்டு. இரண்டுமே மீன் முட்டை மாதிரி பொடி உருண்டைகள் சேர்ந்த கல். நடுவில் களிமண். ஒரு துண்டைக் கையில் கொடுத்து மேல் அடுக்கா, கீழ் அடுக்கா என்று கேட்டால் அனுபவஸ்தரே முழிப்பார். ஆனால் கால்வாய் வெட்டுகிறவருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். களிமண்ணில் தண்ணீர் நிற்கும், சுண்ணாம்புக்கல்லில் ஒழுகிவிடும்.

ஸ்மித் கவனித்தது இதுதான்: கல் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இருக்கும் புதைபடிவங்கள் வேறு வேறு. ஒவ்வோர் அடுக்குக்கும் தனக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது, அந்தக் கூட்டங்களின் வரிசை எங்கே போனாலும் மாறுவதில்லை. பெஞ்சமின் ரிச்சர்ட்சன் என்ற பாதிரியார் ஒரு பெரிய புதைபடிவச் சேகரிப்பு வைத்திருந்தார். ஸ்மித் அதைப் பார்த்துவிட்டு, எது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று சொல்லிச் சொல்லிப் பிரித்து அடுக்கினார். பாதிரியார் அசந்துபோனார். 1799ல் ரிச்சர்ட்சனும் இன்னொரு பாதிரியாரான ஜோசப் டவுன்செண்டும் உட்கார்ந்து, ஸ்மித் சொல்லச் சொல்ல அடுக்குகளின் பட்டியலை எழுதி எடுத்தார்கள். 1815ல் அவருடைய புகழ்பெற்ற நிலவியல் வரைபடம் வந்தது. 1819ல் கடன் கட்ட முடியாமல் ஜெயிலுக்குப் போனார். தன் புதைபடிவச் சேகரிப்பையே பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்க வேண்டிவந்தது. கடைசியில் 1831ல் லண்டன் நிலவியல் கழகம் தன் முதல் உல்லாஸ்டன் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. கொஞ்சம் லேட்டுதான்.

ஸ்மித்திடம் ஏன் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ஏன் ஒவ்வோர் அடுக்கிலும் வேறு உயிர்கள்? டார்வினின் புத்தகம் வர இன்னும் 60 வருஷம் இருந்தது. காரணம் தெரியாமலேயே முறை மட்டும் வேலை செய்தது. பரிணாமத்தை நம்பித்தான் பாறைகளை வரிசைப்படுத்தினார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அது வரலாற்றுப்படி தலைகீழ். வரிசை முதலில் வந்தது, விளக்கம் பிறகுதான் வந்தது.

ஜுராசிக் என்ற பெயர் இங்கிலாந்துடையது இல்லை. சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் உள்ள ஜூரா மலைகளின் சுண்ணாம்புக்கல்லை அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் 1790களில் தனியாகக் குறித்து வைத்தார். அதிலிருந்து வந்த பெயர். 1839ல் லியோபோல்ட் வான் புக் ஜெர்மனியின் ஜூராவைக் கறுப்பு, பழுப்பு, வெள்ளை என்று மூன்றாகப் பிரித்தார். நிஜமாகவே பாறையின் நிறம்தான் அடிப்படை. அடுத்து டூபிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃப்ரீட்ரிக் குவென்ஸ்டெட். அவர் ஒவ்வொரு நிறத்தையும் ஆல்ஃபாவில் தொடங்கி ஆறு கிரேக்க எழுத்துகளாகப் பிரித்தார். கறுப்பு ஆல்ஃபா, பழுப்பு காமா என்கிற ரீதியில் மொத்தம் 18 பிரிவுகள். தென் ஜெர்மனியின் ஸ்வேபியப் பகுதிக்கு அது அற்புதமாகப் பொருந்தியது.

பிரச்சினை, ஸ்வேபியாவைத் தாண்டினால் பொருந்தவில்லை. ஒரே காலத்தில் ஓரிடத்தில் மணல் படியும், இன்னோரிடத்தில் சேறு படியும், வேறோர் இடத்தில் பவளம் வளரும். இன்றைக்கே மெரினாவில் மணல், பிச்சாவரத்தில் சேறு, மன்னார் வளைகுடாவில் பவளம். நாளைக்கு எல்லாம் பாறையானால் மூன்றும் மூன்று விதமாக இருக்கும், ஆனால் வயசு ஒன்று. 1838லேயே ஜூரா மலைகளில் அலைந்த அமான்ஸ் கிரெஸ்லி என்ற சுவிஸ்காரர் இதைத் தெளிவாக எழுதிவிட்டார். அப்படியானால் பாறையின் நிறத்தையும் ரகத்தையும் வைத்துக் காலத்தைப் பிரிப்பது அடிப்படையிலேயே தப்பு. வேறு எதை வைத்துப் பிரிப்பது?

இங்கேதான் அம்மோனைட் வருகிறது. அது நீந்தியோ மிதந்தோ திரிந்த ஜந்து. செத்தால் காலி ஓடும் மிதந்து போகும். அதனால் மணலிலும் விழும், சேற்றிலும் விழும். அதைவிட முக்கியம், அம்மோனைட் இனங்கள் வேகமாக மாறின. ஒரு இனம் தோன்றி, பரவி, காணாமல் போய், இன்னொன்று அந்த இடத்துக்கு வந்துவிடும். ஓட்டின் மேலுள்ள வரிகள், முதுகிலுள்ள விளிம்பு, உள் அறைச் சுவர்கள் ஓட்டைத் தொடும் இடத்தில் விழும் பூவேலை மாதிரியான கோடு, இவற்றை வைத்து இனத்தைக் கண்ணாலேயே பிரித்துவிடலாம். சிப்பிகளில் இந்த வசதி குறைவு. ஒரே சிப்பி வடிவம் கோடி வருஷம் கூட அலட்டிக்கொள்ளாமல் அப்படியே இருக்கும்.

இதை முதலில் அளந்து காட்டியவர்களில் ஒருவரைப் பலருக்குத் தெரியாது. லூயிஸ் ஹண்டன். யார்க்ஷைர் கடற்கரையில் படிகாரம் தயாரிக்கும் குடும்பத்துப் பையன். படிகாரத்துக்காக வெட்டிய மலை முகங்களில் எந்த அம்மோனைட் எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை கிடைக்கிறது என்று குறித்தார். கீழே விழுந்து கிடக்கும் கல்லை எடுக்கக் கூடாது, பாறையில் பதிந்திருப்பதை மட்டுமே கணக்கில் கொள்ளவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஒவ்வோர் அம்மோனைட்டும் குறுகிய உயரத்துக்குள் மட்டுமே கிடைக்கிறது என்ற கட்டுரை 1836ல் வந்தது. இரண்டு வருஷத்தில், இருபதுகளின் நடுவிலேயே, இறந்துபோனார். கட்டுரையும் கிட்டத்தட்ட மறக்கப்பட்டது.

பிரான்ஸில் அல்சிட் டொர்பினி வேறு வழியில் போனார். ஜுராசிக்கை 10 கட்டங்களாகப் பிரித்து ஊர்ப் பெயர்களை வைத்தார். செமூர் ஊரிலிருந்து சினெமூரியன், தூவார் ஊரிலிருந்து டோர்சியன், பாயூ ஊரிலிருந்து பாஜோசியன். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் உலகத்தின் உயிர்களெல்லாம் அழிந்து, புதிதாகப் படைக்கப்பட்டன என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை இன்று குப்பைக்கூடையில். ஆனால் அவர் வைத்த பெயர்களில் பல இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கின்றன. தப்பான காரணத்துக்காகக் கட்டிய வீட்டில் ஜனங்கள் சௌகரியமாகக் குடியிருப்பது போல.

இந்த நூல்களையெல்லாம் ஒன்றாக முடிந்தவர் குவென்ஸ்டெட்டின் மாணவர். ஆல்பர்ட் ஓப்பல், 1831ல் பிறந்தவர். டூபிங்கனில் படிப்பை முடித்த கையோடு பிரான்ஸ், இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து என்று கிளம்பி ஒவ்வொரு பாறை முகமாகப் பார்த்தார். 1856 முதல் 1858 வரை பகுதி பகுதியாக வெளியான அவருடைய புத்தகம் இங்கிலாந்து, பிரான்ஸ், தென்மேற்கு ஜெர்மனி ஆகியவற்றின் ஜுராசிக்கை ஒப்பிட்டது. எழுதத் தொடங்கும்போது வயசு 24, 25.

ஓப்பல் செய்த காரியம் கேட்பதற்கு எளிமை. பாறை என்ன ரகம் என்பதை மறந்துவிடு. ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு ஊரிலும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் பார். எல்லா ஊர்களிலும் மாறாமல் வரும் வரிசையை எடுத்து, எந்த ஊரிலும் முழுசாகக் கண்ணில் படாத ஒரு லட்சியக் குத்துவெட்டை மனசுக்குள் கட்டு. அதைத் துண்டு போடு. ஒவ்வொரு துண்டும் ஒரு மண்டலம். அப்படி 33 மண்டலங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அதில் கிடைக்கும் ஓர் உயிரினத்தின் பெயர், பெரும்பாலும் அம்மோனைட். பிளானார்பிஸ் மண்டலம், அதற்கு மேல் அங்குலேட்டஸ் மண்டலம், அதற்கு மேல் பக்லாண்டி மண்டலம் என்று போகும். கடைசியில் சொன்னது ஆக்ஸ்ஃபோர்ட் பேராசிரியர் வில்லியம் பக்லாண்டின் பெயரில் உள்ள பெரிய அம்மோனைட். நடுப்பகுதி உடைந்து போன ஒரு ராட்சத அம்மோனைட்டைக் கழுத்தில் மாலை மாதிரி மாட்டிக்கொண்டு அவர் குதிரையில் வீடு திரும்பினார் என்று ஒரு கதை உண்டு.

குவென்ஸ்டெட்டின் எழுத்துகள் பாறைக்கு ஒட்டிய லேபிள்கள். ஓப்பலின் மண்டலங்கள் பாறையிலிருந்து கழன்று வந்துவிட்டவை. மண்டலம் என்பது ஒரு பொருள் இல்லை, ஒரு காலத்துண்டு. பாறை அடுக்குக்கும் காலத்துக்கும் முடிச்சு அவிழ்ந்தது இந்த இடத்தில்தான். ஆசிரியர் தன் ஊரின் ஒவ்வோர் அடுக்கையும் வீட்டுக் கூடம் மாதிரி அறிந்தவர். மாணவர் அந்த வீட்டைவிட்டு வெளியே போனதால்தான் இது தெரிந்தது.

இந்த முடிச்சு அவிழ்ந்ததால் என்ன லாபம் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். தென்மேற்கு இங்கிலாந்தில் காட்ஸ்வோல்ட் குன்றுகளிலிருந்து டார்செட் கடற்கரை வரை ஒரு மஞ்சள் மணல் அடுக்கு உண்டு. கீழே களிமண், மேலே சுண்ணாம்புக்கல், நடுவில் இந்த மணல். லயாஸ் என்ற கீழ்ப்பகுதிக்கும் ஊலைட் என்ற நடுப்பகுதிக்கும் எல்லை இந்த மணலுக்குக் கீழா, மேலா என்று நிபுணர்கள் பல வருஷம் மல்லுக்கட்டினார்கள். 1889ல் சிட்னி பக்மன் அந்த மணலிலுள்ள அம்மோனைட்டுகளை ஊர் ஊராக ஒப்பிட்டார். வடக்கே மணல் பழையது, தெற்கே போகப் போக இளையது என்று தெரிந்தது. வடக்கே மணல் படிந்து முடிந்த பிறகுதான் தெற்கே கடற்கரையில் மணலே படிய ஆரம்பித்திருக்கிறது. பார்ப்பதற்கு ஒரே மணல், தொட்டால் ஒரே மணல், ஆனால் ஒரே காலம் இல்லை. எல்லையை மணலுக்கு மேல் வைத்தாலும் கீழ் வைத்தாலும் அது சாய்வான கோடு. காலத்தின் எல்லை ஊருக்கு ஊர் மணலின் வேறு வேறு மட்டத்தை வெட்டிக்கொண்டு போகிறது. அதைக் காட்டும் அடையாளம் அம்மோனைட் மட்டும்தான்.

இதே பக்மன் பின்னாளில் கொஞ்சம் எல்லை மீறிப் போனார் என்பதையும் சொல்லவேண்டும். சின்ன வித்தியாசம் கண்டாலும் புது இனம், புது பேரினம், அதற்கொரு புது காலத்துண்டு என்று பெயர்களைக் குவித்தார். அவற்றைப் பிறகு கழிக்கவே பலருக்குப் பல வருஷம் பிடித்தது. 1960களின் தொடக்கத்தில் இன்னொரு குட்டு வெளிப்பட்டது. போலந்தின் மகோவ்ஸ்கியும் இங்கிலாந்தின் ஜான் காலமனும் தனித்தனியாகக் காட்டினார்கள்: ஒரே அடுக்கில் கூடவே கிடைக்கும் பெரிய அம்மோனைட்டும் சிறிய அம்மோனைட்டும் பல சமயம் இரண்டு இனங்கள் இல்லை, ஒரே இனத்தின் இரு பால்கள். புருஷனுக்கு ஒரு லத்தீன் பெயர், பெண்டாட்டிக்கு ஒரு லத்தீன் பெயர் என்று நூறு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள்! காலமன் தொழில்முறையில் லண்டனில் வேதியியல் பேராசிரியர் என்பது கூடுதல் தகவல்.

ஆனால் ஆகப்பெரிய சந்தேகத்தைக் கிளப்பியவர் தாமஸ் ஹக்ஸ்லி. டார்வினுக்காக மேடை மேடையாகச் சண்டை போட்ட அதே ஹக்ஸ்லிதான். 1862ல் லண்டன் நிலவியல் கழகத்தில் அவர் கேட்டார்: இரண்டு நாடுகளில் ஒரே வரிசை இருப்பதால் இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தவை என்று எப்படிச் சொல்வீர்கள்? ஓர் உயிர் இங்கே தோன்றி, மெதுவாகப் பரவி, அங்கே போய்ச் சேர வெகுகாலம் ஆகியிருக்கலாமே? சென்னையில் ஒரு படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ், கிராமத்து டூரிங் டாக்கீஸுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் வரும். இரண்டு ஊரிலும் படங்களின் வரிசை ஒன்றாகவே இருக்கும். அதற்காக இரண்டும் ஒரே தேதி ஆகிவிடுமா?

நியாயமான கேள்வி. இதற்குக் கிடைத்த சாட்சிகளில் ஒன்று இந்தியாவில் இருக்கிறது. குஜராத்தின் கட்ச் பகுதியில் ஜுராசிக் பாறைகள் அமோகம். 1870களின் தொடக்கத்தில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அவற்றை பச்சம், சாரி, கட்ரோல், உமியா என்று நான்காகப் பிரித்தார். அதற்கு முன் அரியலூர், திருச்சி பக்கத்து அம்மோனைட்டுகளை விவரித்து எழுதியவரும் இவரே. அவை ஜுராசிக் இல்லை, அதற்கு அடுத்த கிரெட்டேசியஸ். கட்ச் அம்மோனைட்டுகளை விரிவாக எழுதியவர் வில்ஹெல்ம் வாகன், மியூனிக்கில் ஓப்பலின் மாணவர். ஜெர்மனியில் கற்றுக்கொண்ட மண்டல வரிசையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த பாலைவனத்தில் வைத்துப் பார்த்தார். பெருமளவுக்குப் பொருந்தியது. அது சாதாரண விஷயம் இல்லை.

பெருமளவுக்குத்தான், முழுக்க இல்லை. மாக்ரோசெஃபாலைட்டஸ் என்று பருத்த உருண்டை அம்மோனைட் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் அது வந்துவிட்டால் கல்லோவியன் கட்டம் ஆரம்பம் என்று வெகுநாள் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில், கட்ச்சிலும் இந்தோனேசியாவிலும் அது அதற்கு முந்தைய பாதோனியன் கட்டத்திலேயே இருப்பது தெரிந்தது. அதாவது படம் நம் பக்கம் முதலில் ரிலீஸ், ஐரோப்பாவுக்குத்தான் லேட்டாகப் போயிருக்கிறது. ஹக்ஸ்லியின் எச்சரிக்கை இந்த இடத்தில் பலித்துவிட்டது. அதனால்தான் இன்று ஓர் எல்லையை ஒரே ஒரு அம்மோனைட்டை மட்டும் நம்பி வைப்பதில்லை. கூடவே வேறு அம்மோனைட்டுகள், நுண்ணுயிர்ப் படிவங்கள், பாறையில் பதிவான பூமியின் காந்தத் திசை மாற்றம், கார்பன் ஐசோடோப்பு எல்லாவற்றையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

சரி, ஆண்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஜுராசிக் 20 கோடியே 14 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று இன்றைய அட்டவணை சொல்கிறது. அது அம்மோனைட் சொன்னதில்லை. எரிமலைச் சாம்பலில் ஜிர்கான் என்ற பொடிப் படிகம் இருக்கும். உருவாகும்போது அது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை ஏறக்குறைய விடவே விடாது. பிறகு யுரேனியம் தெரிந்த வேகத்தில் ஈயமாக மாறும். இன்று இரண்டையும் அளந்தால் வயசு வந்துவிடும். ஆனால் சாம்பல் அடுக்கு நினைத்த இடத்தில் கிடைக்காது. பெரு நாட்டின் புகாரா படுகையில் அதிர்ஷ்டம் இருந்தது. அங்கே டிரயாசிக்கின் கடைசி அம்மோனைட்டுக்கும் ஜுராசிக்கின் முதல் அம்மோனைட்டுக்கும் பக்கத்திலேயே சாம்பல் அடுக்குகள் இருக்கின்றன. அங்கே கிடைத்த தேதியை, அம்மோனைட் வரிசையைப் பிடித்துக்கொண்டு, சாம்பலே இல்லாத இங்கிலாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் எடுத்துச் செல்கிறார்கள். ஜிர்கான் மணியடிக்கிறது, அம்மோனைட் அதை ஊர் ஊராகக் கொண்டுபோகிறது. வடமேற்கு ஐரோப்பாவில் இப்போது ஜுராசிக்குக்குச் சுமார் 75 மண்டலங்கள். சுமார் 5 கோடியே 70 லட்சம் ஆண்டை அதால் வகுத்தால் ஒரு மண்டலத்துக்குச் சராசரியாக ஏழெட்டு லட்சம் ஆண்டு. துணை மண்டலங்கள் இன்னும் நுணுக்கம்.

இனி அந்த முதல் எல்லை. இங்கிலாந்தின் சாமர்செட் கடற்கரையில் வாட்செட் பக்கம், சுண்ணாம்புக்கல்லும் மாக்கல்லும் மாறி மாறி வரும் நீல லயாஸ் பாறைகள் செங்குத்தாக நிற்கின்றன. பழைய காலத்தில் நீல லயாஸ் தொடங்கும் இடம்தான் ஜுராசிக்கின் தொடக்கம். பாறை மாறுகிறது, எல்லை போடு, அவ்வளவுதான். ஆனால் அதன் அடியில் சில மீட்டர்களுக்கு அம்மோனைட்டே கிடையாது, சிப்பிகள்தான். அதற்கு மேல்தான் சைலோசெராஸ் பிளானார்பிஸ் வருகிறது, ஓப்பலின் முதல் மண்டலத்து நாயகன். எல்லையை அம்மோனைட் தீர்மானிக்கும் என்று ஒப்புக்கொண்டபோது, அந்தச் சில மீட்டர் பாறை ஒரே நாளில் ஜுராசிக்கிலிருந்து டிரயாசிக்குக்கு மாறிவிட்டது. பாறை இம்மிகூட நகரவில்லை.

கதை அதோடு முடியவில்லை. பிளானார்பிஸுக்கும் முந்தைய சைலோசெராஸ் இனங்கள் வேறு நாடுகளில் கிடைக்க ஆரம்பித்தன. உலகத்துக்கே பொதுவாக ஒரே இடத்தில் எல்லைக்கல் நடவேண்டும் என்று சர்வதேச நிலவியலாளர்கள் முடிவு செய்திருந்தார்கள். அதற்குச் செல்லப் பெயர் தங்க ஆணி. இங்கிலாந்து, அமெரிக்காவின் நெவாடா, பெரு, ஆஸ்திரியா என்று போட்டி. இங்கிலாந்துக்கு வில்லியம் ஸ்மித் காலத்திலிருந்து வந்த பெருமை இருந்தது. ஆனாலும் ஓட்டெடுப்பில் ஆஸ்திரியாவின் டைரோல் மலையிலுள்ள கூயோக் என்ற இடம் ஜெயித்தது. 2010ல் அங்கீகாரம் கிடைத்தது. சைலோசெராஸ் ஸ்பெலே என்ற சிறிய அம்மோனைட் அங்கே முதலில் தென்படும் மட்டம்தான் இன்று உலகம் முழுவதற்கும் ஜுராசிக்கின் தொடக்கம். சாமர்செட் வெறுங்கையோடு போகவில்லை, அடுத்த கட்டமான சினெமூரியனின் ஆணி 2000லேயே அங்குள்ள கிழக்கு குவாண்டாக்ஸ்ஹெட்டுக்குக் கிடைத்துவிட்டது.

ஓட்டெடுப்பு என்றதும் சிலருக்கு முகம் சுளிக்கும், அறிவியலில் ஓட்டா என்று. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. எந்த அம்மோனைட் எதற்குப் பின் வந்தது என்பதை ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது. அந்த வரிசையில் எந்த இடத்தில் கோடு கிழிப்பது என்பதை மட்டும் பேசித்தான் முடிவு செய்யவேண்டும். கிழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிம்மெரிட்ஜியன் கட்டம் சாட்சி. ஜுராசிக்கின் பிற்பகுதியில் வடக்குக் கடல் அம்மோனைட்டுகளும் தெற்குக் கடல் அம்மோனைட்டுகளும் பிரிந்துபோய் வேறு வேறு இனங்களாகிவிட்டன. அதனால் பிரிட்டன்காரர் கிம்மெரிட்ஜியன் என்று தொடங்கிய இடமும் ஜெர்மனிக்காரர் தொடங்கிய இடமும் ஒன்றில்லை, ஒன்றிரண்டு மண்டலம் வித்தியாசம். ஒரே பெயரை எழுதி இரண்டு காலத்தைக் குறித்துக்கொண்டு பல பத்தாண்டு கட்டுரைகள் வெளியாயின. 2021ல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், ஃப்ளோடிகாரி கடற்கரையில் ஆணி அடிக்கப்பட்ட பிறகுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

தீராத குழப்பமும் உண்டு, அதுவும் ஜுராசிக்கின் கடைசி எல்லையில். அந்தக் கடைசிக் கட்டத்துக்கு டித்தோனியன் என்று 1865ல் பெயர் வைத்தவர் ஓப்பல். மற்றக் கட்டங்கள் மாதிரி ஊர்ப் பெயர் இல்லை. கிரேக்கப் புராணத்தில் விடியல் தேவதையின் கணவன் டித்தோனஸ். கிரெட்டேசியஸ் விடிவதற்கு முந்தைய கட்டம் என்பதால் அந்தப் பெயர். சாகாவரம் பெற்றும் இளமையைக் கேட்க மறந்து, கிழவனாகிக்கொண்டே போனவன் அவன். பெயர் வைத்த அதே வருஷம் டிசம்பரில், 34 வயசில், ஓப்பல் மியூனிக்கில் இறந்துபோனார். ஆசிரியர் குவென்ஸ்டெட் 1889 வரை இருந்தார்.

டித்தோனியன் முடிந்து கிரெட்டேசியஸ் தொடங்கும் இடத்தில் பெரிய பேரழிவு எதுவும் இல்லை. கடல் பல இடங்களில் வற்றியிருந்தது, அம்மோனைட்டுகள் பிரதேசம் பிரதேசமாகப் பிரிந்து கிடந்தன. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஓர் அம்மோனைட் அகப்படவில்லை. கடைசியில் கால்பியோனெல்லா ஆல்பினா என்ற, மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரியும் நுண்ணுயிரை வைத்துக் கோடு கிழிக்க முயன்றார்கள். அதற்காக முன்மொழிந்த பிரெஞ்சுப் பாறை முகத்துக்கும் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2024 வரை, இந்த எல்லைக்கு மட்டும் ஆணி அடிக்கப்படவில்லை. கேம்பிரியன் முதல் இன்றுவரையிலான காலங்களில் தொடக்கம் இப்படி முடிவாகாமல் நிற்பது கிரெட்டேசியஸ் ஒன்றுதான். அதன் வயசைச் சிலர் 14 கோடியே 50 லட்சம் என்பார்கள், சிலர் 14 கோடியே 31 லட்சம் என்பார்கள்.

கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்களில் பெரும்பாலானவை ஜுராசிக்கின் இந்தக் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவை. அவற்றில் பிளான்ஃபோர்டிசெராஸ் என்ற அம்மோனைட் டித்தோனியனின் மேல் பகுதிக்கு, அதாவது அந்த ஆணி இல்லாத எல்லைக்கு மிக அருகில் வருவது.